அரைப் புள்ளி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடத்தை ஏற்றிக் கையால் அணைக்கச் சொன்னால் இப்போதே அணைப்பேன். சூடம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். கதையில் வரும் தண்டாயுதபாணி யாரோ எவனோ அல்ல. என் கூடப்பிறந்த தங்கை பெற்ற பிள்ளை. நான் அவனுக்கு அம்மான். மற்ற ஊர்களில் தாய்மாமன் என்பார்கள். தங்கை மகனைப் பற்றி அம்மான் பொய் சொன்னான் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் அப்புறம் எந்தப் பந்தியிலும் அந்த அம்மானுக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்ற மாட்டார்கள். எனக்குப் பாயசம் பிடிக்கும். இதற்கு மேல் உத்தரவாதம் கேட்காதீர்கள்.

நாட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே போக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். என்னால் யார் விசாவும் கெட வேண்டாம். அந்த நாட்டின் வடகோடியில் உள்ள வட்டாரத்தின் பெயர் நோர்பிக். அதை எழுதலாம். அங்கே போகத் தண்டாயுதபாணியைத் தவிர யாரும் முயலவில்லை.

அவனும் ஆசைப்பட்டுப் போகவில்லை. கொத்தமங்கலத்தில் பிறந்து, காரைக்குடியில் ஃபிரிட்ஜ், ஏசி, ஐஸ் பாக்டரி என்று குளிர் வரும் எதையும் பழுது பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன். கானாடுகாத்தானில் பழைய பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் மேனேஜர் மீனலோசனி. அந்த ஹோட்டலின் ஃபிரிட்ஜ் மாதத்தில் பாதி நாள் பழுதாகும். அவன் அங்கே போவதை நிறுத்தினால்தான் அது சரியாகும் என்று சமையல்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

நான்தான் பெண் கேட்டுப் போனேன். மீனலோசனியின் தகப்பனார் பெத்தாச்சி செட்டியார் காபி கொடுத்து உட்கார வைத்தார்.

"பையன் தங்கமான பையன், நான் இல்லைங்கலை. ஆனா மூத்தவளைக் குடுத்தப்பவும் மாப்பிள்ளை வெளிநாடு கிளம்புறாருன்னுதான் சொன்னாக. கிளம்புனாரு. கிளம்பிக்கிட்டே இருக்காரு. இன்னும் பக்கத்துல இருக்க மானகிரியத் தாண்டலை."

"இந்தப் பையன் கிளம்புறேன்னே சொல்லலையே?"

"அதுதான் குறை. இப்ப என்னமோ வட்டார நாமினேஷன்னு சொல்றாகள்ல, அந்தத் தாள் வரட்டும். வந்த மறுநாளே பேசி முடிச்சுக்குவோம். ஆவணி வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி அக்ஷய்னு ஒரு பையன், அவுக வீட்லயும் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காக. அந்தப் பையன் அதே நாட்டு பி.ஆரைப் பையிலயே வச்சுக்கிட்டு அலையிறான்."

பி.ஆர். என்றால் அந்நிய நாட்டில் நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளும் அனுமதி. நாமினேஷன் என்பது அதற்குக் குறுக்குவழி. காரைக்குடியில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் குடியேற்ற ஆலோசனை மையம் வைத்திருந்த முத்துக்கண்ணன்தான் இதை எங்களுக்கு விளக்கினார்.

"பெரிய நகரத்துக்குப் போறது கஷ்டம் சார், எல்லாரும் அங்குட்டுத்தான் போறாக. இது வட்டாரம். யாரும் போகாத ஊரு உங்களைக் கூப்பிடும். 'இவர் எங்களுக்கு வேணும்'னு அவுக எழுதிக் குடுத்தா, மேல உள்ளவுக முத்திரை குத்தியாகணும்."

"யாரும் போகாத ஊருன்னா லேசாக் கிடைச்சிருமே?" என்றான் தண்டாயுதபாணி.

முத்துக்கண்ணன் பரிதாபமாகப் பார்த்தார். "லேசாக் கிடைச்சா எல்லாரும் போயிருவாக. அப்புறம் அது எப்படி சார் யாரும் போகாத ஊரா இருக்கும்?"

நோர்பிக்கில் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் முதலிடத்தில் இருந்தது. வருடத்தில் பெரும்பகுதி பனி உறைந்து கிடக்கும் ஊர் அது. பாலையும் மீனையும் வாசலில் வைத்தால் போதும். ஆகவே அங்கே இருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் எல்லாரும் பிழைக்க வழியில்லாமல் வெளியேறிவிட்டார்கள். ஆகவே பற்றாக்குறை. ஆகவே முதலிடம். இதில் எங்கே ஓட்டை என்று நானும் பலநாள் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

தேர்வாக அறுபத்தைந்து பாயின்ட் வேண்டும். வேட்டை தொடங்கியது.

முதலில், நோர்பிக்குக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை. தண்டாயுதபாணி உள்ளதை உள்ளபடி எழுதினான்: வந்தால்தான் பெத்தாச்சி செட்டியார் பெண் கொடுப்பார். 'உண்மையான நோக்கம் தெரியவில்லை' என்று திரும்பி வந்தது. இரண்டாவது கட்டுரையை முத்துக்கண்ணன் எழுதினார். சிறுவயதில் கொத்தமங்கலம் ஊருணிக் கரையில் உட்கார்ந்து நோர்பிக்கின் பனிமலைகளை நினைத்து ஏங்கியதாக அதில் இருந்தது. 'நேர்மையான பதில்' என்று முழு பாயின்ட் கொடுத்தார்கள். பிறகு முத்துக்கண்ணன் விசாரித்ததில் நோர்பிக்கில் மலையே கிடையாதாம்.

அடுத்தது தனிமை. 'அக்கம்பக்கத்தார் இல்லாத சூழலில் வாழ்ந்த அனுபவம் உண்டா?' இதற்கு அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லாம் பெரிய வீடு, பெரும்பாலும் பெரிய பூட்டு, முன்வாசலில் நிற்பவர் பின்வாசலில் இருப்பவரோடு பேச ஃபோன் போட வேண்டும் என்று எழுதினான். இப்படி ஒரு தகுதியுள்ள ஆளை இதுவரை கண்டதில்லை என்று தனியாகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மூன்றாவது குளிர். ஐஸ் பாக்டரியின் குளிர் அறையில் அவனை உட்கார வைத்து முத்துக்கண்ணன் வீடியோ எடுத்து அனுப்பினார். 'விண்ணப்பதாரர் ஸ்வெட்டர் அணியவில்லை. குளிரை அவர் மதிக்கவில்லை' என்று நிராகரித்தார்கள். ஸ்வெட்டர் போட்டு எடுத்து அனுப்பினார். 'ஸ்வெட்டர் அணிந்திருக்கிறார், குளிர் தாங்கவில்லை எனத் தெரிகிறது' என்று நிராகரித்தார்கள். கடைசியில் ஒரு கையை மட்டும் ஸ்வெட்டருக்குள் விட்டு எடுத்தது தேறியது.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் அறுபத்து நான்கு.

"ஒண்ணே ஒண்ணு குறையுது சார்" என்று முத்துக்கண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "கல்யாணம் ஆகியிருந்தா ஒண்ணு கிடைக்கும்."

"கல்யாணத்துக்குத்தான இம்புட்டும்?"

"அப்ப கல்யாணத்தை முடிச்சுட்டு வாங்களேன்."

"நாமினேஷன் வந்தாத்தான் கல்யாணம்."

"கல்யாணம் ஆனாத்தான் நாமினேஷன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். நான் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் அப்படியே இருந்தார்கள்.

முத்துக்கண்ணன் விதிகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஒரு மூலையில் ஒரு வரி அகப்பட்டது. அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னார்: "விண்ணப்பதாரரின் சொந்த சமுதாய அமைப்பு அவருக்குப் புள்ளி ஏதும் வழங்கியிருந்தால் அதுவும் சேர்த்துக்கொள்ளப்படும். இதென்ன கூத்து, எந்த சமுதாயம் சார் புள்ளி குடுக்குது?"

தண்டாயுதபாணி துள்ளி எழுந்தான். "எங்க கோயில்ல குடுப்பாகளே!"

விவரம் தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிட வேண்டும். எங்கள் நகரத்தார் கோயில்களில் தலைக்கணக்கு கிடையாது, புள்ளிக் கணக்குத்தான். கல்யாணமான தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி. கல்யாணம் ஆகாதவன் எவ்வளவு படித்திருந்தாலும், எவ்வளவு ஃபிரிட்ஜைக் கழற்றி மாட்டினாலும், கணக்கில் இல்லை. இந்தப் புள்ளிக்கும் அந்நிய நாட்டு பாயின்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு மட்டுமே தோன்ற முடியும். தோன்றியது. நான் தடுக்கவில்லை. எனக்கும் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

கோயில் கணக்கப்பிள்ளை சத்தியமூர்த்தி கறாரான ஆள். "இல்லாத புள்ளிய எப்படித் தம்பி குடுப்பேன்? உள்ள வழக்கத்தை வேணும்னா எழுதித் தாரேன், அவுக பாத்துக்கிடட்டும்" என்று அப்படியே எழுதிக் கொடுத்தார். மணமானவர் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி, மணமாகாதவருக்குப் புள்ளி இல்லை, தண்டாயுதபாணி கானாடுகாத்தான் மீனலோசனியை மணக்க இருக்கிறார். நான்கு வாக்கியம், நான்கும் சுத்தம். மதுரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் புள்ளி என்ற இடத்திலெல்லாம் பாயின்ட் என்று போட்டு ஆங்கிலமாக்கினார்.

பதில் சீக்கிரமே வந்தது. முத்துக்கண்ணன் படித்துச் சொல்லச் சொல்ல எழுந்து நின்றுவிட்டார்.

'மதிப்பிற்குரிய விண்ணப்பதாரரே, தங்கள் கோயிலின் பாயின்ட் முறை எங்கள் முறையைவிடத் தெளிவாக இருப்பதால் அதை ஏற்கிறோம். தாங்கள் இன்னும் மணக்கவில்லை. ஆகவே ஒன்று தர இயலாது. மணக்க இருக்கிறீர்கள், ஆகவே ஒன்றும் இல்லை என்றும் சொல்ல இயலாது. ஒன்றுக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே இருப்பது அரை. தங்கள் கோயிலின் விதிப்படி அரை என்றால் துணைவியார் காலமாகிவிட்டார். திருமதி மீனலோசனியின் மறைவுக்கு நோர்பிக் வட்டாரம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. துணையை இழந்தோருக்கான அனுதாபப் பாயின்ட் அரை சேர்த்துத் தாங்கள் அறுபத்தைந்தை எட்டியுள்ளீர்கள். துக்கம் உண்மையானதுதானா என்று நேரில் விசாரிக்க ஆணையர் வருகிறார்.'

"வந்துருச்சு சார், அறுபத்தஞ்சு வந்துருச்சு!" என்று முத்துக்கண்ணன் கை கொடுத்தார்.

தண்டாயுதபாணி கையை நீட்டவில்லை. அவன் முகம் ஐஸ் பாக்டரியில் எடுத்த இரண்டாவது வீடியோவில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. "அம்மான், அந்தப் பிள்ள காலையில எங்கிட்ட ஃபோன்ல பேசுச்சு."

"தெரியும்ப்பா."

"செத்துப்போச்சுன்னு போட்ருக்காக."

"இரங்கலும் போட்ருக்காகளே, மரியாதையான ஆளுகதான்."

"எனக்கு இந்தத் தாளே வேண்டாம். ஆவணியில அதுக்கு எவன் கூடயும் கல்யாணம் ஆகட்டும், உசுரோட இருக்கட்டும்." சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டான்.

விஷயம் கானாடுகாத்தானுக்கு எங்களுக்கு முன்பே போயிருந்தது. பெத்தாச்சி செட்டியார் ஹோட்டல் முகப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "என் மகளைக் கொன்னுபுட்டு எனக்கே மாப்பிள்ளையா வரப்போறானா? எங்கே அவன்?"

"அப்பச்சி, மெதுவாப் பேசுங்க, கெஸ்ட் தூங்குறாக" என்று தகப்பனாரை அடக்கினாள் காலமான மீனலோசனி. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் ஒரு காகிதத்தைப் படிக்கும்போது அதில் எழுதியிருப்பதைவிட எழுதாததைத்தான் அதிகம் படிப்பாள். படித்து முடித்து, "அவுக எங்க?" என்றாள்.

"தாளே வேண்டாம்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"கிறுக்குப் பிடிச்ச மனுசன். ஆணையர் வார அன்னைக்கு இங்குட்டு வரச் சொல்லுங்க. வெள்ளை வேட்டி கட்டிட்டு வரணும். நான் என்ன சொல்றேனோ அது."

ஆணையரின் பெயர் வில்ம்பி. நெடிய மனிதர். கானாடுகாத்தானில் வேறு எங்கே தங்குவார்? மீனலோசனியின் ஹோட்டலில்தான் தங்கினார். அவளே மாலை போட்டு வரவேற்று, அறையைக் காட்டி, வெந்நீர்க் குழாயை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் காலை பால் பணியாரமும் கந்தரப்பமும் பரிமாறினாள். அவர் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, முதல்கட்டின் பெரிய கூடத்தில், தேக்குத் தூண்களுக்கு நடுவே எழுந்து நின்று உரையாற்றினார். கேட்க இருந்தவர்கள் தண்டாயுதபாணி, முத்துக்கண்ணன், பெத்தாச்சி செட்டியார், உறவினர் சாட்சி என்ற முறையில் நான். மீனலோசனி காபி ஜாடியோடு நின்றாள்.

"நண்பர்களே, நோர்பிக்குக்கு மக்கள் மிக அவசரமாகத் தேவை. அந்த அவசரத்தை உணர்ந்துதான் நாங்கள் யாரையும் அவசரப்பட்டு அனுமதிப்பதில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது, ரொட்டிக் கடை இருந்தது, மீன் சந்தை இருந்தது. மக்கள் குறையத் தொடங்கியதும் அவர்களைக் கூட்டுவதற்காக நாமினேஷன் அலுவலகம் திறந்தோம். வேலை அதிகமானதால் பள்ளி ஆசிரியர்களை அலுவலகத்தில் சேர்த்தோம். பிறகு மீனவர்களை. இன்று நோர்பிக்கில் இருக்கும் ஒவ்வொருவரும் நாமினேஷன் அலுவலகத்தில் பணியாற்றுகிறார்கள் என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறேன்."

"ரொட்டிக் கடைக்காரரு?" என்று கேட்டேன்.

"மேல்முறையீட்டுப் பிரிவில் இருக்கிறார். இதுவரை மேல்முறையீடு எதுவும் வராததால் நல்ல ஓய்வு."

"அப்ப ரொட்டி?"

"அதற்காகத்தான் ஆட்களைத் தேடுகிறோம்" என்றார் ஆணையர். "எங்கள் அலுவலகம் தொடங்கியதிலிருந்து தகுதியில்லாத ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. இந்தச் சாதனையைக் காப்பாற்ற, தகுதியுள்ளவர்களையும் விடாமல் பார்த்துக்கொண்டோம்."

பெத்தாச்சி செட்டியாருக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, கதையெல்லாம் இருக்கட்டும். என் மக உசுரோட இருக்கா. இந்தா நிக்கிறா, பாத்துக்கிடுங்க."

முத்துக்கண்ணன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆணையர் மீனலோசனியைப் பார்த்தார். பிறகு மிக மென்மையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தகப்பனாரின் துக்கம் எனக்குப் புரிகிறது."

அவர் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, தகப்பனாரின் திருப்திக்காக மீனலோசனியும் நல்ல ஆங்கிலத்தில், நான்தான் மீனலோசனி, நேற்று உங்களுக்கு வெந்நீர்க் குழாய் திருப்பிக் காட்டியவள் நான்தான் என்றாள். ஆணையர் முத்துக்கண்ணனிடம் குனிந்தார்.

"காலமானவர்கள் எங்கள் அலுவலகத்துடன் நேரடியாகப் பேச விதியில்லை. அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி மூலம் பேசலாம்."

ஆகவே முத்துக்கண்ணன் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"இன்னொரு காபி வேணுமான்னு கேளுங்க" என்றாள் மீனலோசனி.

"காலமான மீனலோசனி அவர்கள் தங்களுக்கு இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்கிறார்."

"அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். சர்க்கரை குறைவாக."

அவள் ஊற்றினாள். அவர் குடித்தார். முத்துக்கண்ணன் நடுவிலேயே நின்றார், அடுத்த கேள்விக்காக.

அது தண்டாயுதபாணிக்கு வந்தது. ஆணையர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "துக்க விசாரணை ஒரே கேள்விதான். உங்கள் துணைவியாரை இழந்துவிட்டீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

தண்டாயுதபாணி மீனலோசனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாடியைப் பிடித்திருந்த கையை, கையில் ஒட்டியிருந்த பணியாரப் பிசுக்கை.

"என்னால சொல்ல முடியாது" என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தான். "அம்மான், எதுக்க நிக்கிற பிள்ளயப் பாத்து எப்படிச் சொல்றது? வாய் வருமா?"

ஆணையர் பேனாவை மூடப்போனார். பேனாவை மூடிவிட்டால் அறுபத்து நான்கு, அக்ஷய், ஆவணி. எல்லாருக்கும் தெரிந்தது.

மீனலோசனி காபி ஊற்றுகிற சாக்கில் அவனிடம் குனிந்தாள். "சொல்ல வேண்டாம். சும்மா அழுகவாச்சும் செய்ங்க."

"அழுக வரலையே."

"இந்த ஆவணியில எனக்கு அக்ஷயோட கல்யாணம். நீங்கதான் வந்து அந்த வீட்டு ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்ணணும்."

தண்டாயுதபாணி அழுதான். என் தங்கை மகன் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தோளெல்லாம் குலுங்கியது. வெள்ளை வேட்டியின் முனை நனைந்தது. தூண் மறைவில் நின்ற சமையல்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணையர் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். பிறகு, விதிக்கு உட்பட்டு, பிரதிநிதி மூலமாக, காலமானவருக்கும் தனியாக ஆறுதல் சொன்னார். அங்கேயே நாமினேஷன் தாளில் முத்திரை குத்தி அவன் கையில் கொடுத்தார்.

மீனலோசனி அதை வாங்கித் தகப்பனாரிடம் நீட்டினாள்.

"அப்பச்சி, தாள் வந்துருச்சு."

"என்ன தாளு? நீ செத்துட்டேன்னு சொல்ற தாளா?"

"நாமினேஷன் தாளு. வந்த மறுநாளே பேசி முடிக்கிறேன்னு சொன்னது யாரு?"

"அது… உன்னைய உசுரோட வச்சுக்கிட்டு சொன்னது."

"அப்படி ஒண்ணும் நீங்க சொல்லலையே. அம்மான், சொன்னாகளா?"

சொல்லவில்லை என்று நான் சாட்சி சொன்னேன். பெத்தாச்சி செட்டியார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அக்ஷய் வீட்டுக்கு அங்கேயே ஃபோன் போட்டார். நாங்கள் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்.

"ஆமா… ஆமா, நல்லாத்தான் இருக்கா… என்னது, அங்க கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சா?… செத்த பொண்ணுக்கு விசா எடுக்க முடியாதா?… நேர்ல வந்து பாருங்களேன், காபி குடுத்துக்கிட்டு நிக்கிறா… சரி. சரி. வச்சிருங்க."

ஃபோனை வைத்துவிட்டுக் கூரையின் மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தார். "உலகத்துலயே எனக்கு மட்டுந்தான்டா இப்படி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "என்ன அம்மான்காரரே, சும்மா உக்காந்திருக்கீக? நாளைக்குப் பேசி முடிக்க யார் யார் வாரீகன்னு சொல்லுங்க."

ஆவணியிலேயே திருமணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுக் கோயில், பெண் வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வந்தது. அன்றிலிருந்து தண்டாயுதபாணியும் மீனலோசனியும் சேர்ந்து முழுசாக ஒரு புள்ளி. கணக்கப்பிள்ளை சத்தியமூர்த்தி மிகுந்த திருப்தியோடு பதிந்துகொண்டார்.

அவன் யோக்கியன். கல்யாணம் ஆகிவிட்டது என்று நோர்பிக்குக்கு அவனே எழுதிப்போட்டான். வந்த பதிலை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

'தாங்கள் மறுமணம் செய்துகொண்டதற்கு வாழ்த்துகள். துக்கம் தீர்ந்துவிட்டபடியால் அரையும் அனுதாப அரையும் ரத்து செய்யப்படுகின்றன. மணப்பெண் எங்கள் பதிவேட்டின்படி காலமானவர் என்பதால் மணத்துக்கான பாயின்ட்டும் இல்லை. தங்கள் மதிப்பெண் மீண்டும் அறுபத்து நான்கு. தங்கள் நாமினேஷன் திரும்பப் பெறப்படுகிறது. இருப்பினும் ஒரு நற்செய்தி. இதுவரை நோர்பிக்கில் குடியேறியவர்களில், ஊரை விட்டுப் போகாமல் நிலையாகத் தங்கியவர்கள் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமே. ஆகவே காலமானவர்கள்மீது இந்த அலுவலகத்துக்கு நம்பிக்கை அதிகம். அவர்களுக்கு வயதும் ஏறுவதில்லை என்பதால் வயதுக்கான பாயின்ட் என்றும் குறையாது. திருமதி மீனலோசனி விண்ணப்பிக்காமலே எண்பது பாயின்ட் பெற்று முதலிடத்தில் இருக்கிறார். அவரை நாமினேட் செய்வதில் மகிழ்கிறோம். கணவரை உடன் அழைத்துவர இயலாது. அவர் உயிரோடு இருக்கிறார்.'

மீனலோசனி அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறாள். வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இறந்தவர் யார்?" என்று கேட்டால், "நாந்தான், ரூம் சாவி இந்தாங்க" என்று கொடுக்கிறாள். தண்டாயுதபாணி காலையில் கொத்தமங்கலத்திலிருந்து அவளை வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். ஹோட்டல் ஃபிரிட்ஜ் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் பழுதாகவில்லை. பெத்தாச்சி செட்டியார் இப்போது மூத்த மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதில்லை. மானகிரி நல்ல ஊர் என்கிறார்.

திருமணத்தன்று அம்மான் இடத்தில் நின்று எல்லாம் செய்தவன் நான். பாயசமும் இரண்டு தடவை ஊற்றினார்கள். ஆகவே இத்தனைக்கும் நானே கண்கண்ட சாட்சி.

என்னைப் பெற்றவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது.